வெலிங்டன் தீவின் வரத்தர்கள்: நத்தையும் சிப்பியும் வந்த வரலாறு

நத்தைக்குத் தமிழில் பழைய பெயர் நந்து. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகுக்கும்போது நந்து, முரள் ஆகிய இரண்டையும் ஈரறிவு உயிர்கள் என்று ஒரே வரிசையில் வைக்கிறது. தொட்டு அறியும், சுவைத்து அறியும், அவ்வளவுதான். முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சல், ஏரல் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். இன்றைய விலங்கியலும் நத்தை, சிப்பி, ஓடில்லாத வழவழப்பு நத்தை எல்லாவற்றையும் மெல்லுடலிகள் என்ற ஒரே பெருங்குலத்தில்தான் சேர்க்கிறது. ஒரு திருத்தம் மட்டும் சொல்லலாம். நத்தைக்கு மோப்பம் நன்றாகவே உண்டு. முருங்கைக் கொழுந்து எங்கே இருக்கிறது என்று இருட்டில் கண்டுபிடித்து வருகிறதே!

தமிழ்நாட்டில் நத்தை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வயல் நத்தை. தஞ்சாவூர்ப் பக்கம் நடவு முடிந்த வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கும் உருண்டை நத்தை அது. தென் மாவட்டங்களில் சில ஊர்களில் ஊமச்சி என்பார்கள். மூலத்துக்கு நல்லது என்று குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள். அதைக் குத்தித் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பறவைக்கு நத்தைகுத்தி நாரை என்றே பெயர். வேடந்தாங்கல் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தை, நாரை, நெல், மனிதன் என்று ஒன்றோடொன்று பழகிப்போன ஓர் ஏற்பாடு அது.

கொச்சிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பார்ப்பது வேறு நத்தை. இடவப்பாதி மழை தொடங்கி நாலு நாளில் மதில் சுவர், வாழைத்தண்டு, தண்ணீர்க் குழாய், செருப்பு வைக்கும் இடம் என்று எங்கும் ஏறி நிற்கும். ஓடு மட்டும் ஒரு சாண் வரை நீளும். பழுப்பு நிறத்தில் குங்குமக்கோடு இழுத்த மாதிரி வரிகள். மலையாளத்தில் ஆப்பிரிக்கன் ஒச்சு. தமிழ்ப் பத்திரிகைகள் ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்று எழுதுகின்றன. ‘கப்பல்ல மரத்தடியோட வந்து இறங்கிச்சு’ என்று தீவில் பலரும் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அதன் பயணக்கதை அதைவிட நீளமானது, வேடிக்கையானதும்கூட. அதைச் சொல்லும் முன், நாம் நிற்கிற இந்தத் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

வெலிங்டன் தீவு இயற்கைத் தீவு அன்று, செய்யப்பட்ட தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். அப்போது காயலின் வாயில் குறுக்கே கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு, படகுகளில் சரக்கை ஏற்றி இறக்கின. பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே மாதத்தில் பத்மா என்ற கப்பல் அந்த வழியாக உள்ளே வந்தது. கப்பல் வழிக்கு ஆழம் கொடுக்கத் தோண்டிய சேற்றையும் மணலையும் வீணாக்காமல், பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டிக் கொட்டி நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை எழுப்பினார்கள். சென்னை மாகாண ஆளுநராகவும் பிறகு இந்திய வைஸ்ராயாகவும் இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தோண்டும் கப்பலுக்கும் அவர் பெயர்தான். பிரிஸ்டோ 1941 வரை இங்கே பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பினார். அனுபவங்களை ‘கொச்சின் சாகா’ என்ற நூலாக 1959-ல் வெளியிட்டார்.

இதிலிருந்து நத்தை ஆராய்ச்சிக்கு ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. நூறாண்டுக்கு முன் இந்த இடம் தண்ணீர். தரை நத்தைக்கு உப்புத் தண்ணீர் எமன். ஆகவே வெண்டுருத்தியின் பழைய மேட்டை விட்டுவிட்டால், தீவில் ஊர்கிற ஒவ்வொரு தரை நத்தையின் பாட்டனும் பூட்டனும் மண்ணோடோ, பூந்தொட்டியோடோ, வாழைக்கன்றோடோ, சரக்கோடோ மனிதன் கையால் இங்கே வந்து சேர்ந்தவைதான். வேர் பிடித்த பூர்வகுடி என்று ஒன்று உண்டென்றால், அது காலுக்குக் கீழே காயல் சேற்றில் கலந்து கிடக்கும் சிப்பி ஓடு.

இனி நத்தையின் பயணம். இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம், இன்றைய கென்யா, தான்சானியா பகுதி. அங்கிருந்து மடகாஸ்கர் வழியாக மொரீசியஸ் தீவுக்கு மனிதர்கள் கொண்டுபோனார்கள். நெஞ்சு நோய்க்கு நத்தை ரசம் நல்லது என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மொரீசியஸ் என்றதும் தமிழர்களுக்கு வேறு ஒன்று நினைவு வரவேண்டும். 1834 முதல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதே கடல்வழியில், எதிர்த்திசையில், 1847-ல் இந்த நத்தை இந்தியாவுக்கு வந்தது.

கொண்டுவந்தவர் யார் என்பதும் தெரியும். வில்லியம் ஹென்றி பென்சன். வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. 1803-ல் பிறந்து 1870-ல் இறந்தவர். அவர் வேலை வருவாய்த்துறை, நீதிமன்றம் என்று இருந்தாலும் மனம் முழுக்க நத்தையிலேயே இருந்தது. இந்தியாவின் தரை நத்தைகளை முறையாக விவரித்துப் பெயர் சூட்டிய முன்னோடிகளில் அவர் முதல் வரிசை. மொரீசியஸிலிருந்து உயிரோடு சில நத்தைகளைக் கல்கத்தாவுக்கு எடுத்து வந்தார். பணி நிமித்தம் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது, சௌரங்கியில் இருந்த நண்பர் ஒருவரிடம் அவற்றை ஒப்படைத்தார். நண்பர் தன் தோட்டத்தில் விட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம். படையெடுப்பும் இல்லை, சதியும் இல்லை. சில ஆண்டுகளில் கல்கத்தாத் தோட்டங்களில் அது சாதாரணப் பிராணி ஆகிவிட்டது. அங்கிருந்து மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வயநாடு, நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் மழைக்காலத்தில் ஒரு நத்தையைப் பார்க்கலாம். உடம்பு பளீரென்று சிவப்பாக இருக்கும். மஞ்சளாகவும் சில உண்டு. முதுகில் மெல்லிய பெரிய ஓடு. இண்ட்ரெல்லா ஆம்புல்லா என்பது அறிவியற் பெயர். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. பாட்டும் கூத்துமாகக் கொண்டாடவேண்டிய உயிர். அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி 1850-ல் விவரித்தவரும் இதே பென்சன்தான்! நம் மலை நத்தைக்குப் பெயர் கொடுத்த கைதான், மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளி நத்தையையும் இறக்கிவிட்டது. பென்சனை வில்லனாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசையாக வளர்த்தவர் அவர். அந்தக் காலத்தில் யாருக்கும் இதன் பின்விளைவு தோன்றியிருக்காது. ஆனால் ‘கப்பல்ல வந்துச்சு’ என்று கப்பல்மேல் பழி போடுகிறபோது, கூடையில் வைத்து இறக்கிய கை ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

1900 வாக்கில் அது இலங்கைக்குப் போனது. மலாயாவுக்கு அடுத்த இருபது ஆண்டுக்குள். 1936-ல் ஹவாய். இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் ஜப்பானியர் உணவுக்காகப் பசிபிக் தீவுகளில் பரப்பினார்கள். 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்றே மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமிக்குக் கொண்டுபோனான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். அந்த மூன்றின் சந்ததியை ஒழிக்கப் பத்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலமும், பத்து லட்சம் டாலருக்கு மேல் பணமும் ஆயிற்று. பிடித்துக் கொன்றவை 18,000. கல்கத்தா நண்பரும் மயாமிப் பாட்டியும் செய்தது ஒரே காரியம்.

கேரளத்தில் 1970-களில் பாலக்காட்டில் இது கவனத்துக்கு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு வரும் நம் எல்லோருடைய வழியும் அதுவே என்பது தற்செயல்தான். 2005-க்குப் பின் பத்தனம்திட்டை மாவட்டம் கோன்னியில் பெருக்கெடுத்தது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. 2018 பெருவெள்ளம், இல்லாத இடங்களுக்கும் அதை மிதக்கவைத்துக் கொண்டு சேர்த்தது. துறைமுகத்துக்கு வரும் மரத்தடியும் மண்ணும் புதிய வரவுக்கு வழிதான். ஆனால் நாட்டுக்குள்ளேயே லாரியும் நாற்றுப் பண்ணையும் போதுமான அளவு வேலை செய்துவிட்டன.

ஏன் இப்படிப் பெருகுகிறது? ஒவ்வொரு நத்தையிலும் ஆண் பெண் இரண்டு உறுப்பும் உண்டு. இரண்டு நத்தை கூடினால் இரண்டுமே முட்டையிடலாம். விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைக்கும். ஒரு தடவைக்கு நூறு இருநூறு முட்டை, ஆண்டுக்குச் சில தடவை. வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் தூங்கிவிடும். ஐந்தாறு ஆண்டு வாழும். ஐந்நூறுக்கும் அதிகமான தாவர வகைகளைத் தின்னும். நம்ம ஊர் நத்தைகுத்தி நாரை மாதிரி இதற்கென்றே பழகிய ஒரு எதிரி இங்கே இல்லை.

அந்த எதிரியையும் வெளியிலிருந்து கொண்டுவரலாமே என்று ஒரு யோசனை ஒரு காலத்தில் எழுந்தது. 1955-ல் ஹவாயில் நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றை விட்டார்கள். ராட்சத நத்தை குறையவில்லை. தீவுக்கே உரிய சின்னஞ்சிறு மர நத்தைகளைத்தான் அது தேடித்தேடித் தின்றது. மோரியா என்ற பசிபிக் தீவில் 1977-ல் அதே சோதனை நடந்தது. பத்து ஆண்டில் அந்தத் தீவின் சொந்தப் பார்ட்டுலா நத்தைகள் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இண்ட்ரெல்லா போன்ற செல்வம் மலையில் இருக்கும்போது நாம் அந்த வழியில் போகக்கூடாது.

இன்னொரு விஷயம் வீட்டில் சுண்ணாம்பு அடித்தவர்களுக்குத் தெரியும். நத்தை சுவரைச் சுரண்டும். பசிக்கு அல்ல, அவ்வளவு பெரிய ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியின் பழைய கட்டடங்களில் இருப்பது காயல் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அதாவது வந்த நத்தை, இந்த மண்ணின் சிப்பியைத் தின்று ஓடு வளர்க்கிறது!

அந்தச் சிப்பியின் கதையைச் சொல்லாமல் கொச்சியின் மெல்லுடலி வரலாறு முழுமை பெறாது. வேம்பநாட்டுக் காயலின் கறுப்புக் கக்காவைத்தான் சொல்கிறேன். வில்லோரிட்டா சைப்ரினாய்டஸ் என்று நூல்களில் இருக்கும். கைப்பிடிக்குள் அடங்கும் கறுத்த சிப்பி. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் வாழ்கிறது. இறைச்சி தேங்காய்த் துருவலோடு தோரனாகிறது, ஓடு சுண்ணாம்பாகிறது. காயலடியில் காலகாலமாகப் படிந்த பழைய ஓட்டுக்கு வெள்ளைக் கக்கா என்று பெயர். கோட்டயத்தில் 1946-ல் தொடங்கிய திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ் நிறுவனம் வெள்ளைக் கக்காவைக் காயலிலிருந்து வாரித்தான் ‘வேம்பநாடு’ வெள்ளைச் சிமெண்டைச் செய்தது. கக்கா வாரும் தொழிலாளர்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்கள் முங்கி வாருவார்கள்; பெண்கள் வேகவைத்து ஓட்டையும் சதையையும் பிரிப்பார்கள். நம் பக்கத்து வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் கிளிஞ்சல் சூளைதான் மூலம் என்பதால் இந்தத் தொழில் நமக்கு அந்நியமில்லை.

இந்தக் கக்காவுக்குக் கேடு முதலில் வெளியிலிருந்து வரவில்லை. குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு ஏறாமல் தடுக்க 1970-களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயலுக்கு வந்தது. கோடையில் ஷட்டர்களை அடைத்தால் தெற்குப் பக்கம் நன்னீர் ஏரி மாதிரி ஆகிவிடும். கறுப்புக் கக்கா நன்னீரில் உயிரோடு இருக்கும். ஆனால் இனம் பெருக்க ஓரளவு உப்பு வேண்டும். தெற்கே கக்கா குறைந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (1947-ல் தொடங்கப்பட்டு, பிறகு நம் மண்டபத்தில் தலைமையகத்தோடு இயங்கி, 1970-களில் கொச்சிக்கு மாறியது) நெருக்கமாகக் கிடக்கும் குஞ்சுக் கக்காக்களை அள்ளி, குறைந்த இடங்களில் விதைத்துப் பார்த்திருக்கிறது. நெல்லா கக்காவா என்ற வழக்கில் தீர்ப்பு எழுதியது யார் என்று பார்த்தால், அதிலும் நத்தைக்கோ கப்பலுக்கோ பங்கில்லை.

கப்பலுக்கு நேரடிப் பங்குள்ள கதை கடைசியாக வருகிறது. மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற சிப்பி. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளுக்கு உரியது. சரக்கு இல்லாமல் வரும் கப்பல்கள் நிலைகொள்வதற்காகக் கடல்நீரை வயிற்றில் நிரப்பிக்கொள்ளும்; அடுத்த துறைமுகத்தில் கொட்டும். அந்த நீரில் சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்யும். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். கொச்சிக் காயலில் இந்தச் சிப்பி இருப்பதை 2019-ல் ஆய்வாளர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தியக் கடல்நீரில் அதுவே முதல் பதிவு. கொல்லம் அஷ்டமுடிக் காயலில் அது பச்சைச் சிப்பியின் இடத்தையும் முத்திங்காயின் இடத்தையும் அடைத்துக்கொண்டது. கப்பல்கள் இப்படி நீரைச் சுத்தம் செய்யாமல் கொட்டக்கூடாது என்ற உலக ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில்.

மீனவர்கள் இந்தச் சிப்பிக்கு வைத்த பெயர் வரத்தன் கக்கா. வரத்தன் என்றால் வெளியூரிலிருந்து வந்தவன். இந்தச் சொல்லை நம்மில் பலர் வேறு இடத்தில் கேட்டிருப்போம். வாத்துருத்தி ரயில்வே கேட் பக்கம் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியைக் கேட்டால், அவருக்கும் தெரிந்திருக்கும். சிப்பிக்கு அந்தப் பெயர் பொருந்துகிறதா என்பது என் வழக்கு அல்ல. அஷ்டமுடியில் சிப்பி விற்றுப் பிழைத்தவருக்கு அந்தக் கோபத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வந்தது என்பதைக் குற்றமாக வைத்தால் இந்தத் தீவில் தண்டிக்கப்படாமல் தப்பிக்கக்கூடிய உயிர் ஒன்றுமில்லை. தீவே 1920-களுக்குப் பின் வந்ததுதான். அணையால் கக்கா குறைந்ததையும், கப்பல் நீரால் சிப்பி வந்ததையும், தோட்டத்தில் விட்டதால் நத்தை பரவியதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால்தான் ஒவ்வொன்றுக்கும் மருந்து தெரியும்.

ராட்சத நத்தையைப் பொறுத்தவரை மருந்து அவசரமாகத் தேவை, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. 1935-ல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்டது. எலிக் கழிவிலிருந்து குஞ்சுப் புழு நத்தைக்குப் போகும். வேகாத நத்தை வழியாகவோ, நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்றாலோ மனிதனுக்கு வந்து மூளைச்சவ்வை வீங்கவைக்கும். எல்லா நத்தையிலும் புழு இருக்கும் என்று அலறவேண்டியதில்லை. கையால் தொடாமல் இருப்பது, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவது, கீரையை நன்றாக அலசி வேகவைப்பது இவை போதும். குடியிருப்புகள் நெருக்கமாக இருக்கிற வாத்துருத்தி போன்ற இடங்களில், குப்பை தேங்காமல் பார்ப்பது எலிக்கும் நத்தைக்கும் சேர்த்தே வைத்தியம்.

பிடிப்பதற்கு வன ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை எளிது. சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு இரவு தோட்டத்தில் வைக்கவேண்டும். காலையில் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும். கையுறை போட்டு எடுத்து, வாளியில் உப்புக் கரைசலில் போட்டு, செத்தபின் குழியில் புதைக்கவேண்டும். உப்பை நேராகத் தோட்டத்தில் கொட்டினால் மண்தான் கெடும். புகையிலைக் கஷாயமும் துருசுக் கரைசலும் கலந்து தெளிப்பதும் உண்டு; அது விஷம் என்பதால் குழந்தைகள், கிணறு, மீன் குளம் இருக்கும் பக்கம் வேண்டாம். தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். ஒரு வீட்டில் மட்டும் பிடித்தால் பக்கத்து மதிலிலிருந்து இறங்கி வரும். உள்ளூர்ச் சிறு நத்தைகளையும் ஓடில்லாத நத்தைகளையும் சேர்த்துக் கொன்றுவிட வேண்டாம். அவற்றிலும் சில ரப்பர் தோட்டத்தில் பால் வடியும் வெட்டுவாயில் வந்து பாலைக் குடித்துவிடும், உண்மைதான். ஆனால் அவை காலங்காலமாக இந்த மண்ணில் இருப்பவை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது, இங்கே நாற்றுப் பண்ணையில் வாங்கிய ஆந்தூரியம், மிளகுக்கொடி, ஜாதிக்காய்க் கன்று என்று காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் சில இடங்களில் இந்த நத்தை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத ஊர்களே இன்னும் அதிகம். அதன் முட்டை மிளகை ஒத்த அளவில், வெளிறிய மஞ்சள் நிறத்தில், தொட்டி மண்ணில் விரல் ஆழத்தில் கொத்தாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறி ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பத்து நிமிஷ வேலை.